வாயில் வரும் சிபிலிஸ்: புண்ணை அடையாளம் காண்பது முதல் ரத்த எண் இறங்கும் வரை

வலிக்கிற வாய்ப்புண்ணைவிட வலிக்காத வாய்ப்புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும். சாதாரண வாய்ப்புண் சாப்பிட விடாது, பேச விடாது, ஆளைப் படுத்தி எடுக்கும். பத்துப் பதினைந்து நாளில் போயும் விடும். பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோயின் புண் அப்படியில்லை. உதட்டிலோ நாக்கிலோ சின்னக் காசு போல உட்கார்ந்திருக்கும், தொந்தரவே தராது. மூன்று முதல் ஆறு வாரத்தில் மருந்தே இல்லாமல் ஆறிவிடும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று நினைத்து மறந்துவிடுகிறோம். ஆறியது புண் மட்டும்தான். கிருமி அதற்குள் ரத்தத்தில் இறங்கி உடம்பு முழுக்கப் பரவியிருக்கும்.

அதனால் இந்த நோயில் புண்ணின் போக்கைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. கணக்கில் வைக்க வேண்டியவை இரண்டுதான்: தேதியும் எண்ணும். புண் வந்த தேதி, உறவு நடந்த தேதி, சிகிச்சையான பென்சிலின் ஊசி போட்ட தேதி ஒரு பக்கம். ரத்தப் பரிசோதனையில் வரும் 1:8, 1:32 போன்ற எண் (பொருள் படி 5இல்) மறுபக்கம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சுற்றித்தான் போகிறது.

கிருமி எப்படி வாய்க்கு வருகிறது

இதற்குக் காரணம் டிரெப்போனிமா பாலிடம் என்ற சுருள் வடிவ பாக்டீரியா. 1905இல் ஜெர்மனியில் ஷாடினும் ஹாஃப்மனும் கண்டுபிடித்தார்கள். மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. ஒன்று இரண்டாக ஏறத்தாழ 30 மணி நேரம் எடுக்கும். பாக்டீரியா உலகத்தில் இது ஆமை வேகம். சிகிச்சை ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பதற்கு இந்த மந்தகதியே விடை, பிறகு வருவோம்.

பாலுறுப்புக்கு அடுத்தபடியாக இந்தப் புண் அதிகம் வரும் இடம் வாய்தான். நோய் உள்ளவரின் புண் மேல் உதடோ நாக்கோ படும்போது, கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாகக் கிருமி நுழைகிறது. பெரும்பாலும் வாய்வழி உறவில். வாயில் புண் உள்ளவரை முத்தமிடுவதாலும் வரும். டம்ளர், தட்டு, துண்டு, கழிப்பறை இருக்கை ஆகியவற்றால் பரவுவதில்லை. உடம்பை விட்டு வெளியே வந்து காய்ந்தால் கிருமி சீக்கிரம் செத்துவிடும்.

"மேகப்புண்", "கிரந்தி" என்ற பழைய பெயர்களை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேச வேண்டாம். இரண்டு சொல்லும் வேறு பல நோய்களுக்கும் புழங்குகின்றன. சிபிலிஸ் என்றே சொல்லுங்கள்.

படி 1: காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டுங்கள்

கிருமி நுழைந்த நாளிலிருந்து புண் தோன்ற 10 முதல் 90 நாள் ஆகலாம். சராசரியாக மூன்று வாரம். நேற்று நடந்த உறவால் இன்று புண் வராது. புண் முதலில் கண்ணில் பட்ட தேதியை எழுதுங்கள், அதிலிருந்து 90 நாள் பின்னால் போங்கள். அந்த இடைவெளியில் யாரோடெல்லாம் வாய்வழி, பிறப்புறுப்பு, ஆசனவாய் உறவு இருந்தது என்று உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி குறித்து வையுங்கள். ஆணுறை போட்டிருந்தாலும் குறியுங்கள். உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் அது பயன்படாது. வாய்வழி உறவுக்கு உறை போடுகிறவர்களும் குறைவு.

படி 2: வாயை முறையாகப் பாருங்கள்

கண்ணாடி முன் வாயைத் திறந்து ஒரு நொடி பார்ப்பது பார்வையே இல்லை. நல்ல வெளிச்சம் வேண்டும், கைபேசி டார்ச் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உதடுகளை வெளிப்பக்கமாக மடக்கி உட்புறம். பிறகு இரு கன்னங்களின் உட்புறம், ஈறு. நாக்கின் நுனியைச் சுத்தமான காஸ் துணியால் பிடித்து வலமும் இடமும் இழுத்துப் பார்த்தால்தான் நாக்கின் ஓரம் தெரியும். நாக்கை மேலே தூக்கி அடிப்பக்கம். கடைசியாக "ஆ" என்று சொல்லி அண்ணம், உள்நாக்கு, டான்சில். டான்சிலில் உள்ள புண்ணைப் பலர் வெறும் தொண்டைவலி என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்க டான்சில் மட்டும் வீங்கி, அதே பக்கம் கழுத்தில் நெறி கட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

முதல் கட்டப் புண் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அரை முதல் இரண்டு செ.மீ. வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். அடிப்பாகம் சுத்தமாக, இறைச்சிச் சிவப்பில் பளபளக்கும். ஓரத்தை இரு விரலால் மெல்லப் பிடித்தால் துணிக்குள் பொத்தானைப் பிடித்தது போலக் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டித்தனம்தான் முக்கிய அடையாளம். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் ரப்பர் உருண்டை போல நெறி கட்டும், தொட்டால் நகரும், வலிக்காது. உதட்டில் வந்தால் மேலே பொருக்கு கட்டி, வெடித்த உதடு போலத் தோன்றும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பாடப்புத்தகம் "வலிக்காது" என்கிறது. வாய்க்குள் பல் உரசும், வாயிலுள்ள மற்ற கிருமிகள் சேரும். அதனால் நாக்கு, ஈறு, டான்சிலில் வரும் சிபிலிஸ் புண் வலிப்பதும் உண்டு. வலிக்காத புண் என்றால் சந்தேகத்தைக் கூட்டுங்கள். வலிக்கிறது என்பதற்காக மட்டும் சந்தேகத்தைக் கைவிடாதீர்கள்.

புண் வந்து சில வாரங்களில், பெரும்பாலும் 4 முதல் 10 வாரத்துக்குள், இரண்டாம் கட்டம் தொடங்கும். சில சமயம் முதல் புண் ஆறும் முன்பே வந்துவிடும். பலருக்கு நோய் முதன்முதலில் கண்ணில் படுவதே இந்தக் கட்டத்தில்தான். நாக்கிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டுகள் வரும். சுற்றிச் சிவந்த விளிம்பு இருக்கும். பக்கத்துத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளைந்து நெளியும்போது நத்தை ஊர்ந்த தடம் போலவே தெரியும். நாக்கின் மேல்பரப்பில் சொரசொரப்பு போய் வழவழப்பான வட்டங்கள் தோன்றலாம். கடைவாயில் நடுவே பிளந்த சிறு தடிப்பு வந்தால், சத்துக்குறைவால் வந்த கடைவாய்ப் புண் என்று பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையோடு நிறுத்திவிடுவார்கள். இந்தத் திட்டுகளில் கிருமி மொய்த்திருக்கும். வாய் வழியாகத் தொற்று மிக எளிதாகப் பரவும் நேரம் இது.

மூன்றாம் கட்டம் ஆண்டுகள் கழித்து, சிகிச்சை பெறாதவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வருவது. அண்ணத்தில் கம்மா என்ற கட்டி வந்து, உடைந்து, அண்ணத்துக்கும் மூக்குக்கும் இடையே ஓட்டை விழும். குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும், பேச்சு மூக்கால் பேசுவது போல ஆகிவிடும். நாக்கு சுருங்கி வழவழப்பாகும், வெள்ளைப் படலம் கட்டும், அதில் புற்றுநோயும் வரலாம். ஆன்டிபயாட்டிக் காலத்தில் இது அரிது.

பிறவியிலேயே தாயிடமிருந்து வாங்கிய பிள்ளைகளுக்கு நிரந்தர முன்பற்கள் ஸ்க்ரூடிரைவர் நுனி போலக் குறுகி நடுவில் வெட்டுப்பட்டிருக்கலாம். கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பு சிறு உருண்டைகள் கோத்தது போல இருக்கும். பிறவித் தொற்று இல்லாத ஒரு குழந்தையின் வாயில் சிபிலிஸ் புண் இருந்தால் பாலியல் வன்முறை நடந்ததா என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும். அதைத் தயக்கத்தால் தாண்டிப் போகக் கூடாது.

எதை எதோடு குழப்பிக்கொள்கிறோம்

சாதாரண வாய்ப்புண் மஞ்சள் அடி, சிவந்த வளையம், நல்ல வலி, இரண்டு வாரத்துக்குள் ஆறல். ஹெர்ப்பிஸ் என்றால் முதலில் சுருக்கென்று குத்தும், பிறகு கொத்தாகக் கொப்புளம், உடைந்து பொருக்கு. கேண்டிடா பூஞ்சையின் வெள்ளைப் படலம் பெரும்பாலும் சுரண்டினால் தயிர் ஆடை போல வந்துவிடும். லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோய் கன்னத்தின் இரு பக்கமும் வெள்ளை நூல்வலை பின்னியது போல இருக்கும். வாயிலும் உள்ளங்கையிலும் ஒன்றாக வரும் இன்னொரு நோய் கை, கால், வாய் வைரஸ் காய்ச்சல். அது பெரும்பாலும் குழந்தைகளுக்கு, கொப்புளத்தோடு, ஒரு வாரத்தில் போய்விடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான குழப்பம் புற்றுநோயோடுதான், இரண்டு திசையிலும். சிபிலிஸ் புண்ணின் கெட்டி விளிம்பைப் பார்த்துப் புற்றுநோய் என்று திசுவை வெட்டி அனுப்புகிறார்கள். அறிக்கையில் "பிளாஸ்மா செல்கள் நிறைந்த அழற்சி" என்று வந்ததும் குழம்பிவிடுகிறார்கள். அந்த வரி வந்தாலே சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். மறுபக்கம், ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறது என்பதற்காக நாக்கின் ஓரத்தில் உள்ள கெட்டிப் புண்ணை அதன் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஊசி போட்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணுக்கு பயாப்சி (திசுவை வெட்டிச் சோதிப்பது) கட்டாயம். இன்னும் பொதுவாகச் சொன்னால், எந்த வாய்ப்புண்ணும் மூன்று வாரத்தைத் தாண்டினால் யாராவது வாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

படி 3: வாய்க்கு வெளியே பாருங்கள்

சட்டையைக் கழற்றுங்கள். மார்பிலும் முதுகிலும் அரிக்காத, மங்கிய சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறப் புள்ளிகள்? அந்த இரண்டு இடத்திலும் ஒருசேரத் தடிப்பு வரும் நோய்கள் மிகக் குறைவு. வாய்த் திட்டோடு சேர்ந்து அது வந்தால் சிபிலிஸ் இல்லை என்று நிரூபிக்கும் வரை சிபிலிஸ்தான். கருமையான தோலில் சிவப்பு எடுபடாது, பழுப்பு அல்லது கருநிறப் புள்ளியாகவே தெரியும். தலையில் பூச்சி அரித்தது போல அங்கங்கே முடி கொட்டியிருக்கலாம். லேசான காய்ச்சல், சோர்வு, பல இடங்களில் நெறி. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் பாருங்கள். வாயில் ஒன்று இருந்தால் அங்கே ஒன்று இருக்கக் கூடாது என்று சட்டமில்லை.

பார்வை மங்கல், கண் சிவந்து கூசுதல், திடீரெனக் காது மந்தம் அல்லது இரைச்சல், விடாத தலைவலி, முகம் கோணுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. கிருமி கண், காது, நரம்பு மண்டலத்தை எந்தக் கட்டத்திலும் தாக்கலாம், கடைசிக் கட்டம் வரை காத்திருக்காது. இவர்களுக்குச் சிகிச்சையே வேறு.

படி 4: பரிசோதனைக்கு முன் கையை அடக்குங்கள்

இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம். வாய்ப்புண்ணுக்கு என்று கடையில் வாங்கும் பசை பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அதைப் பூசினால் புண்ணின் தோற்றம் மாறும், அடையாளம் குழம்பும். பல்வலிக்கு மிச்சம் வைத்த அமாக்ஸிசிலின் நான்கு மாத்திரையை விழுங்கினால் இன்னும் மோசம். புண் சீக்கிரம் ஆறும், கிருமி முழுக்கச் சாகாது, ரத்தச் சோதனையும் தாமதமாகலாம். எடுத்திருந்தால் மறைக்காமல் பெயரும் தேதியும் சொல்லுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை. அதுவரை முத்தமும் எந்த வகை உறவும் வேண்டாம்.

படி 5: ரத்தம்

புண்ணிலிருந்து நீர் எடுத்து இருள்புல நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறை பிறப்புறுப்புப் புண்ணுக்குச் சரி, வாய்ப்புண்ணுக்குச் சரியில்லை. காரணம் எளிது. யாருடைய ஈறு இடுக்கிலும் சிபிலிஸோடு தொடர்பில்லாத வேறு டிரெப்போனிமா வகைகள் குடியிருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவே நெளியும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை வசதி உள்ள இடத்தில் புண்ணைத் துடைத்து அனுப்பலாம், அது வாய்க்கும் நம்பத்தக்கது. மற்றபடி ரத்தம்தான்.

ரத்தச் சோதனை இரண்டு வகை. இரண்டும் வேண்டும்.

ஆர்.பி.ஆர்., வி.டி.ஆர்.எல். ஆகியவை முதல் வகை. கிருமி திசுக்களைச் சேதப்படுத்தும்போது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை அளக்கின்றன. ஆர்.பி.ஆர். அட்டையை ஒருமுறை பார்த்தால் புரிந்துவிடும். வெள்ளை வட்டத்தில் ஒரு சொட்டு சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்), அதன்மேல் கரித்தூள் கலந்த திரவம், எட்டு நிமிடம் சுழற்சி. பாசிட்டிவ் என்றால் கரித்துகள்கள் திரண்டு கறுப்புத் திட்டாக நிற்கும். நெகட்டிவ் என்றால் ஒரே சீரான சாம்பல் நிறம். பிறகு சீரத்தை இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்து நீர்க்கச் செய்கிறார்கள். எந்த அளவு வரை திரள்கிறதோ அதுதான் உங்கள் எண். 1:16 என்றால் பதினாறு மடங்கு நீர்த்த பிறகும் திரண்டது என்று பொருள். வெறும் "பாசிட்டிவ்" என்று எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள், எண்ணைக் கேளுங்கள். இந்த எண் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து சிகிச்சை பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

டி.பி.எச்.ஏ., டி.பி.பி.ஏ., எலைசா, விரைவுச் சோதனைப் பட்டை ஆகியவை இரண்டாம் வகை. இவை கிருமிக்கே எதிரான பொருளைப் பிடிக்கும். ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். ஆர்.பி.ஆர். மட்டும் குறைந்த எண்ணில் பாசிட்டிவ், டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்றால் கர்ப்பம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), தொழுநோய், மலேரியா, அண்மை வைரஸ் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. புண் வந்த புதிதில் ஆர்.பி.ஆர். நான்கில் ஒருவருக்கோ அதற்கு மேலோ நெகட்டிவ் காட்டும். எதிர்ப்புப் பொருள் உருவாகவே புண் தோன்றி ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர் அன்றே ஊசி போடலாம். இல்லையென்றால் 2, 6, 12 வாரத்தில் மறுபடியும் சோதனை. இரண்டாவது, இதற்கு நேர்மாறு. இரண்டாம் கட்டத்தில் எதிர்ப்புப் பொருள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும்போது நீர்க்காத சீரத்தில் துகள்கள் திரளவே திரளாது, தாளில் "நெகட்டிவ்" என்று வரும். வாயில் நத்தைத் தடம், கையில் செம்புப் புள்ளி, தாளில் நெகட்டிவ் என்றால் ஆய்வகத்தைக் கூப்பிட்டு "நீர்க்கச் செய்து பாருங்கள்" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அதே குத்தலில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி சோதனைக்கும் ரத்தம் கொடுங்கள். தொண்டையில் கொனோரியா என்ற இன்னொரு பால்வினை நோய் இருக்கிறதா என்று ஒரு துடைப்பு மாதிரியும். பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் சேர்த்து.

படி 6: ஊசி

பென்சிலின் சிபிலிஸைக் குணமாக்கும் என்று 1943இல் அமெரிக்க மருத்துவர் மஹோனி நான்கு நோயாளிகளிடம் காட்டினார். எண்பது ஆண்டு கழிந்தும் இந்தக் கிருமிக்குப் பென்சிலினை எதிர்க்கத் தெரியவில்லை. ஆனால் மேலே சொன்ன ஆமை வேகத்தை நினைவில் வையுங்கள். பென்சிலின், பிரியும் நேரத்தில்தான் பாக்டீரியாவைக் கொல்லும். முப்பது மணி நேரத்துக்கு ஒருமுறை பிரியும் கிருமிக்கு மருந்து பல நாள் விடாமல் ரத்தத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் தசையில் தங்கி மெல்லக் கசியும் பென்சாத்தின் பென்சிலின்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம், அறிகுறியில்லாமல் ஓராண்டுக்குள் உள்ள தொற்று: பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே முறை. வழக்கமாக 12 லட்சம் வீதம் இரண்டு புட்டத்திலும்.

அதற்கு மேல் நாளான, அல்லது எப்போது வந்தது என்றே தெரியாத தொற்று: வாரம் ஒன்றாக 24 லட்சம், மூன்று வாரம், ஆக 72 லட்சம். எவ்வளவு நாள் என்ற கோட்டை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஓராண்டில் போடுகிறது, உலக சுகாதார நிறுவனம் இரண்டாண்டில். ஊசிகளுக்கு இடையே 7 முதல் 9 நாள் இருப்பது நல்லது. கர்ப்பிணிக்கு 9 நாளைத் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாயில் புண்ணோ திட்டோ இருக்கும்போது ரத்தமும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் அது தொடக்க நோய், ஒரு ஊசி போதும். எச்.ஐ.வி. இருந்தாலும் இதே அளவுதான். "பயத்துக்கு இன்னும் இரண்டு" என்று போட்டுக்கொள்வதில் பலன் இல்லை.

ஊசி போடும் அறையில் கவனிக்க வேண்டியவை: குப்பியில் "பென்சாத்தின்" என்ற சொல் தனியாக இருக்க வேண்டும். புரோக்கெய்ன் கலந்த குறுகிய கால மருந்து இதற்குப் பதிலாகாது. பொடிக் குப்பி என்றால் கலந்ததும் பால் போலக் கெட்டியாக வரும், சீக்கிரம் அடியில் தங்கும். நன்றாகக் குலுக்கி, உடனே, தடித்த ஊசியில், மெதுவாகச் செலுத்த வேண்டும். மெல்லிய ஊசி அடைத்துக்கொள்ளும். பாதி மருந்து சிரிஞ்சிலேயே நின்றால் அது பாதி டோஸ்தான். வலி கடுமையாக இருக்கும். அட்ரினலின் கலக்காத 1 சதவீத லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தில் கரைத்துப் போடும் வழக்கம் உண்டு, அது ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த மருந்து ஒருபோதும் ரத்தக்குழாயில் ஏறக் கூடாது, இதயமே நின்றுவிடும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அறையில் அட்ரினலின் இருக்க வேண்டும். மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் பெரியவருக்கு 0.5 மி.கி. தொடைத் தசையில்.

பென்சிலின் ஒவ்வாது என்று சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முறையாகச் சோதித்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. சின்ன வயதில் ஏதோ தடிப்பு வந்தது என்று வீட்டில் சொன்ன கதையாக இருக்கும். உண்மையிலேயே ஒவ்வாதவருக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை, இரவு, 14 நாள். நாள்பட்ட தொற்றுக்கு 28 நாள். நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். படுத்துக்கொண்டு விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்பு, கால்சியம், அமிலநீக்கி மாத்திரைகளை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி எடுங்கள். வெயில் தோலைச் சுடும். கர்ப்பிணிக்கு இது கூடாது. அவருக்குப் பென்சிலின் ஒன்றே வழி, ஒவ்வாமை இருந்தால் மருத்துவமனையில் சேர்த்துப் படிப்படியாகப் பழக்கிக் கொடுப்பார்கள். செஃப்ட்ரையாக்சோன் தினம் 1 கிராம் 10 நாள் என்பது இன்னொரு மாற்று. அசித்ரோமைசின் மாத்திரை எளிது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், பல நாடுகளில் இந்தக் கிருமி அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டுவிட்டது.

கண், காது, நரம்பு பாதித்தவர்களுக்கு புட்டத்து ஊசி போதாது. கரையும் பென்சிலின் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 முதல் 40 லட்சம் யூனிட் ரத்தக்குழாய் வழியே, 10 முதல் 14 நாள், மருத்துவமனையில் தங்கி.

படி 7: அன்றைய இரவும் வாய்ப் பராமரிப்பும்

ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரலாம். தடிப்பு இன்னும் சிவந்து தெரியும். இறந்த கிருமிகளிலிருந்து வெளிப்படும் பொருட்களுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை இது, யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹெய்மர் என்று பெயர். ஒவ்வாமை இல்லை. பாராசிட்டமால், ஓய்வு, 24 மணி நேரத்தில் அடங்கும். இதை ஒவ்வாமை என்று நினைத்து "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் உண்டு. மாதம் ஏறிய கர்ப்பிணிக்கு மட்டும் இந்த நேரத்தில் வயிறு இறுகுகிறதா, குழந்தை அசைவு குறைகிறதா என்று கண்காணிக்க வேண்டும்.

வாய்க்கென்று தனி மருந்து தேவையில்லை. உப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், புண் உரசும் கூர்மையான பல்லோ கம்பியோ இருந்தால் அதைச் சரிசெய்தல், அவ்வளவே. அவசரமில்லாத பல் வேலையைப் புண் ஆறும் வரை தள்ளிப்போடுங்கள். அவசரம் என்றால் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமான கையுறையும் முகக்கவசமும் போட்டு அவர் வேலையைப் பார்க்கலாம், மறுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஊசிக்குப் பிறகு ஏழு நாள் ஆகி, புண் முழுதும் ஆறும் வரை முத்தம், உறவு எதுவும் வேண்டாம். இரண்டு நிபந்தனையும் நிறைவேற வேண்டும்.

படி 8: துணைக்குச் சொல்வது

முதல் படியில் எழுதிய பட்டியல் இப்போது வேண்டும். முதல் கட்டம் என்றால் புண் இருந்த நாட்களோடு அதற்கு முந்தைய மூன்று மாதம், இரண்டாம் கட்டம் என்றால் ஆறு மாதம், அறிகுறியில்லாத புதுத் தொற்று என்றால் ஓராண்டு. அந்தக் காலத்தில் தொடர்பிலிருந்தவர்கள் சோதிக்க வேண்டும். கடைசி 90 நாளுக்குள் தொடர்பு என்றால், சோதனை நெகட்டிவ் வந்தாலும் அவர்களுக்கும் ஒரு ஊசி. எண் ஏறும் முன்னரே சோதித்திருக்கலாம் அல்லவா.

எப்படிச் சொல்வது என்று தடுமாறுபவர்களுக்கு இப்படிச் சுருக்கமாகப் போதும்: "எனக்கு சிபிலிஸ் இருக்குன்னு ரத்தத்துல வந்திருக்கு. ஊசி போட்டுட்டேன். உனக்கும் வந்திருக்கலாம், வலி எதுவும் தெரியாது. இந்த வாரமே சோதிச்சுக்கோ." யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற விசாரணை இப்போது வேண்டாம். ஆண்டுக்கணக்கில் அறிகுறி இல்லாமல் இருக்கக்கூடிய நோயில் அதற்குப் பெரும்பாலும் விடையும் கிடைக்காது. சொல்லவே முடியாத நிலை என்றால் மருத்துவமனை ஆலோசகரிடம் கேளுங்கள், பெயர் சொல்லாமல் தகவல் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. துணைக்கு ஊசி போடாமல் நீங்கள் மட்டும் போட்டுக்கொண்டால் கிருமி திரும்பி வரும். ஒருமுறை வந்ததால் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை.

படி 9: எண் இறங்குகிறதா

ஊசி போடும் அன்றே ஒரு ஆர்.பி.ஆர். எடுங்கள். சில நாள் முந்தைய எண்ணை வைத்துக்கொண்டால், இடையில் அது ஏறியிருந்தாலும் தெரியாமல் போகும். பிறகு 6, 12 மாதத்தில். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 3, 6, 9, 12, 24 மாதத்தில். ஒவ்வொரு முறையும் அதே சோதனை, முடிந்தால் அதே ஆய்வகம். வி.டி.ஆர்.எல். எண்ணையும் ஆர்.பி.ஆர். எண்ணையும் ஒப்பிடக் கூடாது, ஆர்.பி.ஆர். சற்று உயர்ந்தே நிற்கும்.

எதிர்பார்ப்பது நான்கு மடங்கு இறக்கம், அதாவது இரண்டு படி. 1:32 என்பது 1:8 ஆக வேண்டும். தொடக்க நோயில் ஓராண்டுக்குள் இது நடக்க வேண்டும். 1:32 என்பது 1:16 ஆனால் அது இறக்கமில்லை, சோதனையின் இயல்பான தடுமாற்றம். அதேபோல 1:2 என்பது 1:4 ஆனதும் பதற வேண்டாம். 1:2 என்பது 1:8 ஆனால் பதறலாம். மறுதொற்றோ, சிகிச்சை பலிக்காததோ, இரண்டில் ஒன்று. முதலில் கேட்க வேண்டியது "துணை ஊசி போட்டாரா" என்பதைத்தான். எண் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை என்றால் நரம்பு அறிகுறிகளை மறுபடி பார்த்து, எச்.ஐ.வி. சோதனையைத் திரும்பச் செய்து, தேவைப்பட்டால் மூன்று வார ஊசி. சிலருக்கு எண் நன்றாக இறங்கி 1:1, 1:2 என்று அப்படியே நின்றுவிடும். அது நோய் இல்லை, நிற்கும் தழும்பு. அதற்கு வருடா வருடம் ஊசி போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டி.பி.எச்.ஏ.யை மறுபடி எடுத்துப் பார்ப்பது வீண் செலவு. ஆனால் பின்னாளில் அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, கர்ப்ப காலத்திலோ, ரத்தம் கொடுக்கப் போகும்போதோ, வேலைக்கான மருத்துவச் சோதனையிலோ யாராவது அதை எடுப்பார்கள், பாசிட்டிவ் என்றுதான் வரும். அன்றைக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயரும் யூனிட்டும், அன்றைய ஆர்.பி.ஆர். எண், ஓராண்டு கழித்து வந்த எண், இந்த நான்கையும் எழுதி மருத்துவரின் கையொப்பத்தோடு பத்திரப்படுத்துங்கள், கைபேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.